விடுமுறை வேறு, வீதி வேறு: யூதர் பண்டிகைகளும் உலக நாடுகளும்

துன் எச்.எஸ்.லீ சாலை ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் புறப்படும் தைப்பூச இரதம், ஈப்போ சாலையில் செந்தூலை ஒட்டிப் போய்ப் பத்துமலையைச் சேர்கிறது. இது நம் மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 2008-க்கு முன்னால் அந்த இரதம் வழியில் ஒரு விசித்திரமான எல்லையைக் கடந்துகொண்டிருந்தது என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரியாது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. பத்துமலை சிலாங்கூர் மாநிலம். அங்கே விடுமுறை உண்டு. விழா ஒன்றுதான். புறப்படுகிற இடத்தில் அது வேலை நாள், போய்ச் சேருகிற இடத்தில் விடுமுறை நாள். 2008 ஜனவரியில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்த பிறகுதான் கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் அந்த விடுமுறை வந்தது.

அப்படியென்றால் 2007-இல் தைப்பூசம் கோலாலம்பூரில் பொது விழாவாக இல்லையா? இருந்தது. வீதி நிறைய மக்கள் இருந்தார்கள். இல்லாதது அரசிதழில் ஒரு வரி மட்டும்தான். ஒரு சிறுபான்மைச் சமயத்தின் பண்டிகை எப்போது 'பொது' ஆகிறது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இதைப் பல நாடுகளை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், யூதர் பண்டிகைகளைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரே பண்டிகை, ஒரே நாள். ஆனால் நாட்டுக்கு நாடு அதன் நிலை வேறு.

வகுப்பில் இந்தத் தலைப்பை எடுத்தால் மாணவர்கள் உடனே பாலஸ்தீனத்தைப் பற்றித்தான் கேட்பாங்க. கேட்பது நியாயமே. அது இன்றைய அரசியல், மனித உரிமை பற்றிய கேள்வி. அதற்கு உரிய இடத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் ஒரு சமயத்தாரின் ஈராயிரம் ஆண்டு விழா வரலாறு வேறு, ஒரு நாட்டு அரசாங்கத்தின் செயல் வேறு. இரண்டையும் குழப்பாமல் எழுதத் தெரிவதே வரலாற்று மாணவருக்கு ஒரு பயிற்சி.

பண்டிகையும் நாள்காட்டியும்

முதலில் பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ரோஷ் ஹஷானா என்பது புத்தாண்டு. அதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர். பாவ மன்னிப்பு வேண்டி ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு இருப்பார்கள். அடுத்துக் கூடாரப் பண்டிகை. அதன் முடிவில் சிம்ஹத் தோரா. தோரா என்பது அவர்களுடைய மறைநூல், தோல் சுருளில் கையால் எழுதப்பட்டது. ஆண்டு முழுவதும் பகுதி பகுதியாகப் படித்து முடித்து, அன்றைக்கே மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். டிசம்பர் வாக்கில் ஹனுக்கா, எட்டு நாள் விளக்கு விழா. பிறகு வேடமிட்டுக் கொண்டாடும் பூரிம். இளவேனிலில் பாஸ்கா, செந்தூலில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் பழக்கமானது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நினைவு அது.

யூதர் மாதம் நிலவைக் கணக்கிட்டு வருவது. ஆனால் பாஸ்கா இளவேனிலிலேயே வந்தாக வேண்டும் என்பதால், 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அதனால்தான் நோன்புப் பெருநாள் ஆண்டு முழுவதும் சுற்றி வருகிறது, யூதர் பண்டிகைகளோ நம் தீபாவளி போல ஒரு மாத எல்லைக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்கின்றன. இன்னொன்று, அவர்களுக்கு நாள் என்பது சூரியன் மறையும்போது தொடங்குகிறது. பண்டிகைத் தேதியை எழுதும்போது முதல் நாள் மாலையைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ஹனுக்கா விளக்கைப் பற்றி யூதர்களின் தல்மூத் நூல் ஒரு விதி சொல்கிறது. விளக்கை வீட்டு வாசலில், வெளியே, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி வைக்க வேண்டும். மாடியில் குடியிருப்பவர் தெருவைப் பார்த்த சன்னலில் வைக்கலாம். ஆபத்தான காலமாக இருந்தால்? உள்ளே மேசைமேல் வைத்தால் போதும். சமய நூலே பொது இடத்தையும் அச்சத்தையும் சேர்த்து யோசித்து விதி வகுத்திருக்கிறது பாருங்கள். விளக்கு சன்னலில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு நாட்டின் நிலவரம் பாதி தெரிந்துவிடும்.

கொச்சி: செப்பேட்டிலிருந்து வீதி வரை

நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு கேரளம். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று வழங்கினார். எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. தமிழ் ஆசிரியர் ஒருவர் கொஞ்சம் முயன்றால் பாதிக்கு மேல் புரிந்துகொள்ளலாம். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையோடு 72 உரிமைகள் அதில் வழங்கப்பட்டன.

அவை என்ன உரிமைகள் என்பதுதான் நமக்கு முக்கியம். சுங்க விலக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் - இவையும் பட்டியலில் வருகின்றன. பகலில் விளக்கேந்திப் போகலாம், நடக்க விரிப்பு விரிக்கலாம், குடை பிடிக்கலாம், கொட்டு முழக்கத்தோடு வரலாம். அந்தக் காலச் சமூகத்தில் இவை எல்லாருக்கும் கிடைத்தவை அல்ல. யார் குடை பிடிக்கலாம், யார் பல்லக்கில் வரலாம் என்பதெல்லாம் சாதிப்படியாக வரையறுக்கப்பட்டிருந்த நாட்டில், கடல் கடந்து வந்த ஒரு சமூகத்தின் தலைவருக்கு மன்னர் வீதியைத் திறந்துவிட்டார். வெளியே நடக்க ஓர் உரிமை வேண்டியிருந்தது என்பதையும் அந்தச் செப்பேடு கூடவே சொல்லிவிடுகிறது.

அந்தச் செப்பேட்டைக் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதப்பள்ளியில் பாதுகாத்து வந்தார்கள். 1568-இல் கட்டப்பட்ட பள்ளி அது. போர்த்துக்கீசியர் நெருக்கடி கொடுத்த காலத்தில் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யூதர்களுக்கு இடம் கொடுத்தார். அரண்மனை, அரண்மனைக் கோயில், யூதப்பள்ளி மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 1760-இல் எழுந்த மணிக்கூண்டில் அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள், யூதப்பள்ளியைப் பார்த்த முகத்தில் எபிரேய எழுத்துகள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஐரோப்பிய யூதர்களுக்கு இது புதுமை, கேரளத்தில் இயல்பு.

கொச்சியில் மற்றப் பண்டிகைகளைவிடச் சிம்ஹத் தோரா பெரியது. பள்ளிக்குள் பட்டும் சரிகையுமாகத் துணி கட்டி, பூமாலை தொங்கவிட்டு, எண்ணெய் விளக்குகளை ஏற்றுவார்கள். தோராச் சுருள்களை வழக்கமான பேழையிலிருந்து எடுத்து, அன்றைக்கென்று அலங்கரித்த தனிப் பீடத்தில் வைப்பார்கள். பிறகு அவற்றைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவது. உலகம் முழுவதும் யூதர்கள் பள்ளிக்குள்ளே சுற்றி வருவார்கள். கொச்சியில் பிற்பகலில் சுருள்களோடு வெளியேயும் வந்து பள்ளியைச் சுற்றினார்கள். அன்றைக்குக் கதவு திறந்திருக்கும். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும் வந்து பார்ப்பார்கள். நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் இருவரும் 1980களில் கொச்சியில் தங்கி ஆராய்ந்து எழுதியபோது, இந்த வழக்கங்களில் கேரளக் கோயில் உற்சவத்தின் சாயல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். கருவறையில் இருப்பதை அலங்கரித்து வெளியே கொண்டுவந்து ஊருக்குக் காட்டுவது நமக்கு நன்றாகத் தெரிந்த முறைதான். சமய விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கொண்டாடும் முறையில் மண் வாசனை ஏறிவிட்டது. கொச்சி யூதப் பெண்களோ விழாக்களில் மலையாளத்திலேயே பாடினார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும், ஆனால் முழுமையாக இராது. அண்டை வீட்டாருக்குத் திறந்த அந்தக் கதவு, சொந்தச் சமயத்தார் சிலருக்குப் பாதிதான் திறந்திருந்தது. பரதேசி யூதர்கள் தங்களை உயர்ந்தவர்களாகக் கருதிக்கொண்டார்கள். முன்பு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்த யூதர்கள் பள்ளிக்குள் சமமாக உட்கார முடியாது. மறை வாசிக்க அழைக்கப்படுவதிலும் தடை. இதை எதிர்த்துப் போராடியவர் ஏ.பி.சேலம். வழக்கறிஞர், கொச்சிச் சட்டமன்ற உறுப்பினர், காந்தியவாதி. வழிபாட்டுக் கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தடைகளைத் தளர்த்தினார். 'யூதக் காந்தி' என்ற பெயரே அவருக்கு உண்டு. ஆலயப் பிரவேசம் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் வைக்கம், மதுரை இரண்டோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாம், திருத்துபவர் கவனிப்பார்.

1968-இல் பரதேசிப் பள்ளியின் 400-ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. அரசு மரியாதை அதன் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் ஆட்கள் ஏற்கனவே போய்விட்டிருந்தார்கள். 1950களிலேயே கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நெகேவ் பாலைப்பகுதியில் உள்ள நெவாத்திம் என்ற ஊரில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. யூத முறைப்படி கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். மட்டாஞ்சேரியில் அந்தப் பத்துப் பேருக்கு வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்க்கும் நிலை வந்தது. 2019-இல் 96 வயதில் மறைந்த சாரா கோஹனின் பூத்தையல் கடையை அவருக்குப் பின்னும் நடத்தியவர் அவருடைய முஸ்லிம் அன்பர் ஒருவர். பறவூர் யூதப்பள்ளியைக் கேரள அரசு புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. பள்ளி இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கிச் சுற்றத்தான் ஆள் இல்லை.

கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களின் கதை இன்னும் எளிமையானது. அவர்களுக்குச் செப்பேடும் இல்லை, அரண்மனையும் இல்லை. செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் அன்றைக்குச் செக்கு ஓடாது. ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர். எந்த ஊர்வலமும் இல்லாமல், வேலையை நிறுத்தியதாலேயே அவர்களுடைய சமயம் ஊருக்குத் தெரிந்தது.

சென்னையில் 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் விற்ற யூத வணிகர்கள் இருந்தார்கள். 1688-இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களிலும் யூதர்கள் உண்டு. இன்றைக்கு ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயர் மிச்சம்.

பினாங்கும் சிங்கப்பூரும்

நம் நாட்டிலும் யூதர்கள் வாழ்ந்தார்கள். பினாங்கில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் வழி வந்த வணிகக் குடும்பங்கள் இருந்தன. ஜார்ஜ் டவுனில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. அங்குள்ள மிகப் பழைய கல்லறை 1835-ஐச் சேர்ந்தது. இடுகாடு இருக்கும் சாலையின் பெயர் ஒரு காலத்தில் யஹூடி சாலை, பிறகு ஜைனல் அபிடின் சாலை என்று மாறியது. அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் 1929-இல் நாகூர் சாலையில் திறக்கப்பட்டது. ஆமாம், நம் நாகூர்தான். தமிழ் முஸ்லிம்களின் புனிதத் தலத்தின் பெயர் கொண்ட சாலையில் யூதர்கள் வழிபட்டார்கள். 1976-இல் கூடம் மூடப்பட்டது. யாரும் தடை போடவில்லை. பத்து ஆண்கள் சேரவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் சமூகம் நிலைத்தது. வாட்டர்லூ வீதியில் 1878-இல் கட்டிய மகேன் அபோத் கூடம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதே வீதியில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் உண்டு. 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் யூதர். அப்படியும் யூதர் பண்டிகை எதற்கும் அங்கே பொது விடுமுறை கிடையாது. ஒருவர் நாட்டின் தலைமைக்கே வரலாம், அவருடைய புத்தாண்டு வேலை நாளாகவே இருக்கலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அரசு கொடுக்கும் நாள்

இஸ்ரேலில் யூதர் பண்டிகைகளே அரசு விடுமுறைகள். யோம் கிப்பூர் அன்று விமான நிலையம் மூடப்படும், தொலைக்காட்சி ஒளிபரப்பு நிற்கும், பேருந்து ஓடாது. சொந்தக் கார் ஓட்டக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் யாரும் ஓட்டமாட்டார்கள். அதிவேகச் சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். அதற்கு நேர் எதிர் பூரிம். டெல் அவிவில் 1912-லிருந்தே வேட ஊர்வலம் நடந்திருக்கிறது.

அங்கேயும் பெரும்பான்மைக்குள் ஒரு சிறுபான்மை உண்டு. எத்தியோப்பியாவிலிருந்து வந்த கறுப்பின யூதர்களுக்குச் சிக்த் என்று தனி விழா இருக்கிறது. யோம் கிப்பூரிலிருந்து 50-ஆம் நாள். எத்தியோப்பியாவில் அன்றைக்கு நோன்பிருந்து, மறைநூலோடு மலையேறி வழிபடுவார்கள். இஸ்ரேலுக்கு வந்த பிறகு எருசலேமில் ஒரு குன்றின்மேல் கூடுகிறார்கள். குருமார்களுக்கு வண்ணக் குடை பிடிக்கும் வழக்கம் மாறவில்லை. மற்ற யூதர்களுக்கே தெரியாத இந்த விழா சட்டப்படி தேசிய விழாவானது 2008-இல்தான். கோலாலம்பூருக்குத் தைப்பூச விடுமுறை வந்த அதே ஆண்டு.

அர்ஜென்டினா வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. புத்தாண்டு, யோம் கிப்பூர், பாஸ்கா நாள்களில் யூதராக இருப்பவர் மட்டும் வேலைக்குப் போகத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது, முஸ்லிம்களுக்கும் அப்படியே. நாடு நிற்காது, உரிமை நிற்கும். சிறுபான்மைக்கு எத்தனை விடுமுறை கொடுப்பது என்று திண்டாடுகிற அரசுகளுக்கு இது நல்ல வழி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று பண்டிகை என்பதே தெரியாமல் போய்விடும்.

அமெரிக்காவில் மத்திய அரசின் விடுமுறைப் பட்டியலில் யூதர் பண்டிகை ஒன்றுகூட இல்லை. நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு மட்டும் 1960-லிருந்து ரோஷ் ஹஷானாவுக்கும் யோம் கிப்பூருக்கும் விடுமுறை. காரணம் நம்மைப் போன்றவர்கள்தான்! ஆசிரியர்களில் பெரும் பகுதி யூதர்கள்; அன்றைக்குப் பள்ளியைத் திறந்து வைத்தாலும் பாடம் நடத்த ஆள் இருக்காது. ஒரு தடவை அந்த வழி திறந்ததும் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். 2015-இல் பெருநாள்கள், பிறகு சீனப் புத்தாண்டு, 2023-இல் தீபாவளி என்று பட்டியல் நீண்டது. நியூயார்க்கில் இன்று தமிழ்ப் பிள்ளைகள் தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை எடுப்பதற்குப் பின்னால் அந்த யூத ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்கப் பொது இடங்களில் அதிகம் தெரிவது ஹனுக்கா. சமயப்படி பார்த்தால் இது சின்னப் பண்டிகைதான். கிறிஸ்துமஸை ஒட்டி வருவதாலும், சபாத் என்ற இயக்கம் 1970களிலிருந்து சதுக்கங்களில் பெரிய விளக்குத்தண்டுகளை நிறுத்தியதாலும் பெரிதாகிவிட்டது. 1979-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையிலிருந்து நடந்து வந்து எதிரே பூங்காவில் விளக்கேற்றினார். யூதர்களிலேயே பலர் இதை விரும்பவில்லை. அரசு நிலத்தில் நம் சமயச் சின்னம் இருந்தால், நாளை பெரும்பான்மையின் சின்னத்தை எப்படி மறுப்பது என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிட்ஸ்பர்க் நகரில் நீதிமன்றக் கட்டடத்துக்குள் கிறிஸ்து பிறப்புக் குடில் மட்டும் தனியாக வைத்தது தவறு. ஆனால் இன்னொரு அரசுக் கட்டடத்தின் வெளியே கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்ற யூத விளக்குத்தண்டு இருக்கலாம் என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. பலவற்றோடு ஒன்றாக நின்றால் அது ஊர்ச் சின்னம், தனியாக நின்றால் சமயச் சின்னம் - ஏறக்குறைய இப்படித்தான் அந்தத் தீர்ப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சன்னலும் மேசையும்

1931 டிசம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு ரபியின் வீட்டில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. சன்னல் திண்டில் ஹனுக்கா விளக்குத்தண்டு. சன்னலுக்கு அப்பால் எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கட்சியின் கொடி. ஆபத்தான காலத்தில் மேசையில் வைக்கலாம் என்று விதி அனுமதித்தும் அந்த வீட்டார் சன்னலில்தான் வைத்தார்கள். 1933-இல் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. அதே விளக்குத்தண்டு 2022-இல் பெர்லினுக்குத் திரும்பி வந்து, ஜெர்மன் அதிபர் முன்னிலையில் ஏற்றப்பட்டது.

1993-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், ஒரு யூதக் குடும்பத்துச் சிறுவனின் அறைச் சன்னலில் ஹனுக்கா விளக்குப் படம் இருந்ததைப் பார்த்து யாரோ கல்லை எறிந்தார்கள். போலீஸ், படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொன்னதாம். அதாவது மேசைக்கு மாற்றச் சொன்னது. ஊர்ப் பத்திரிகை என்ன செய்தது? விளக்குத்தண்டுப் படத்தை முழுப் பக்கத்தில் அச்சிட்டு, வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள் என்றது. யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த ஊரில் ஏறத்தாழ 10,000 வீட்டுச் சன்னல்களில் அது ஒட்டப்பட்டது. எந்த வீட்டில் எறிவது என்று கல் எறிகிறவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. இதில் அரசாணை எதுவும் இல்லை.

சோவியத் ஆட்சியில் மாஸ்கோவில் நடந்ததும் அரசு கொடுக்காத ஒன்றுதான். சமயக் கல்வி ஒடுக்கப்பட்டிருந்தது. இளைஞர்களுக்கு எபிரேயம் தெரியாது, பலருக்கு வழிபாடே தெரியாது. ஆனாலும் 1960களில் சிம்ஹத் தோரா இரவு வந்தால் அர்கிப்போவா தெருவில் உள்ள பெரிய வழிபாட்டுக் கூடத்தின் முன் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூடி ஆடிப் பாடினார்கள். கொச்சியில் மன்னர் திறந்துவிட்ட வீதியில் நடந்த அதே பண்டிகை, இங்கே உளவுப் போலீஸ் பார்த்துக்கொண்டிருந்த வீதியில் நடந்தது. ஒரு தலைமுறை தன் அடையாளத்தைத் தெருவில் நின்றுதான் கற்றுக்கொண்டது.

வீதிக்கு எதிரி அரசு மட்டும் இல்லை. துனீசியாவின் ஜெர்பா தீவில் எல் கிரிபா என்ற பழம்பெரும் யூதத் தலத்துக்கு ஆண்டுதோறும் யாத்திரை நடக்கும். சக்கரம் வைத்த உயரமான அலங்கார விளக்கைப் பட்டுத் துணிகள் சுற்றித் தெருவில் தள்ளிச் செல்வார்கள். சின்னத் தேர் என்றே சொல்லலாம். முஸ்லிம் அண்டை வீட்டாரும் கலந்துகொள்வது வழக்கம். அந்தத் தலத்தில் 2002-இல் நடந்த குண்டுத் தாக்குதலில் 21 பேர் இறந்தார்கள். 2023-இல் யாத்திரை நேரத்திலேயே துப்பாக்கிச் சூடு. 2024-இல் ஊர்வலம் வெளியே வரவில்லை. வழிபாடு கூடத்துக்குள்ளேயே முடிந்தது. அரசு தடுக்கவில்லை, காவலும் கொடுத்தது. ஆனாலும் விளக்கு மேசைக்குப் போய்விட்டது.

தேர்வு எழுதுவோருக்கு

ஒப்பீட்டு வினா வந்தால் நம் வட்டாரத்தைச் சேர்த்து எழுதுங்கள். சிங்கப்பூரில் 1968-இல் பொது விடுமுறைகளை 16-லிருந்து 11 ஆகக் குறைத்தார்கள். தைப்பூசம் பட்டியலிலிருந்து போயிற்று. 1973 முதல் ஊர்வலத்தில் மேளம் அடிக்கவும் தடை வந்தது, அது மிகப் பின்னால்தான் படிப்படியாகத் தளர்ந்தது. ஆனால் காவடி நிற்கவில்லை. விடுமுறை போனாலும் வீதி இருந்தது. இந்திரா காந்தி கொச்சிக்கு வந்ததும் அதே 1968-இல். அங்கே மரியாதை இருந்தது, வீதியில் நடக்க ஆள் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாலே கட்டுரைக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்.

விடைத்தாள்களில் அடிக்கடி வரக்கூடிய சில சறுக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ஹனுக்காவை 'யூதர்களின் முதன்மைப் பண்டிகை' என்று எழுதாதீர்கள். யோம் கிப்பூருக்கு முன் அது சிறியது. நியூயார்க் பள்ளி விடுமுறையை அமெரிக்கா முழுவதற்கும் உரியதாக எழுதாதீர்கள். ஜோசப் ரப்பான் செப்பேடு வணிகத் தலைவருக்குக் கொடுத்த சிறப்புரிமை. அதைச் 'சமயச் சுதந்திரச் சட்டம்' என்று இன்றைய சொல்லால் அழைத்தால் மதிப்பெண் போகும். கொச்சி யூதர்கள், பெனே இஸ்ரேலியர், பினாங்கின் பாக்தாத் யூதர்கள் மூவரும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியில் வந்தவர்கள்; ஒரே பத்தியில் 'இந்திய யூதர்கள்' என்று கலந்துவிட வேண்டாம். தைப்பூச விடுமுறை பற்றி எழுதும்போது 2008 என்பது கோலாலம்பூர், புத்ராஜெயா இரண்டுக்கும் மட்டும் உரிய ஆண்டு. சிலாங்கூர், பினாங்கு, பேராக் மாநிலங்களில் அது அதற்கு முன்பே இருந்தது.